இன்டெல் ஏஎக்ஸ்210 வைஃபை கார்டு: வாங்கும் முன் ஸ்லாட்டைப் பாருங்கள்

புது ரௌட்டர் வாங்கி வைத்தும் லேப்டாப்பில் வேகம் ஏறவில்லை என்றால், தடை பெரும்பாலும் லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டில்தான் இருக்கும். ரௌட்டர் எவ்வளவு புதிதாக இருந்தாலும், இரண்டு முனைக்கும் பொதுவான தரத்தில்தான் இணைப்பு அமையும். 802.11என் (வைஃபை 4) மட்டுமே ஆதரிக்கும் ஒற்றை ஆன்டெனா கார்டு, வைஃபை 7 ரௌட்டரோடு இணைந்தாலும் 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 72 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.

அப்படிப்பட்ட கார்டைக் கழற்றிவிட்டு மாட்டுவதற்கு எங்கள் முதல் பரிந்துரை இன்னும் ஏஎக்ஸ்210தான். 2020 கடைசியில் வந்த வைஃபை 6 தலைமுறைக் கார்டு இது. அதற்குப் பிறகு வைஃபை 7 கார்டுகள் வந்துவிட்டன. ஆனாலும் பழைய, நடுத்தர வயது லேப்டாப்புகளில் பிரச்சினை இல்லாமல் ஓடுவது இதுதான். விண்டோஸிலும் லினக்ஸிலும் டிரைவர் பக்குவப்பட்டுவிட்டது. இன்டெல், ஏஎம்டி என்ற பேதமும் இதற்கு இல்லை. ஆனால் எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டோம். பொருந்தாத இடங்கள் எவை என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் பணம் வீண்.

எண்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது

கார்டின் உச்ச இணைப்பு வேகம் 2402 எம்பிபிஎஸ். இது இரண்டு ஸ்ட்ரீம் (ஒரே நேரத்தில் தனித்தனி ஆன்டெனாக்களில் போகும் தரவு ஓட்டங்கள்), 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலம், 1024-க்யூஏஎம் (அலையில் பிட்டுகளை ஏற்றும் முறை) மூன்றும் சேர்ந்தால் கிடைக்கும் எண். சேனல் அகலத்தை 80க்குக் குறைத்தால் சரிபாதி, 1201. ஒரே ஸ்ட்ரீம் என்றால் அதிலும் பாதி, 600. எந்தக் கார்டை ஒப்பிட்டாலும் தலைமுறைப் பெயரைவிட இந்த மூன்றையும் முதலில் கேளுங்கள். "வைஃபை 6" என்று பெரிதாக எழுதி, உள்ளே ஒற்றை ஸ்ட்ரீம் 80 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ வைத்திருக்கும் கார்டுகள் உண்டு. இன்டெல்லிலேயே ஏஎக்ஸ்101 அப்படித்தான். அதன் உச்சம் 600. பழைய வைஃபை 5 கார்டு ஒன்று இரண்டு ஸ்ட்ரீமோடு 867 தருகிறது என்றால், தலைமுறை ஏறியும் வேகம் இறங்கத்தான் செய்யும்.

அகலமும் ஸ்ட்ரீமும் சமமாக இருக்கும்போது தலைமுறை மாற்றம் மட்டும் என்ன தருகிறது? 80 மெகாஹெர்ட்ஸ், இரண்டு ஸ்ட்ரீமில் 802.11ஏசி (வைஃபை 5) 867, 802.11ஏஎக்ஸ் (வைஃபை 6) 1201. சுமார் 39 சதவீதம் கூடுதல். இதில் 25 சதவீதம் 256-க்யூஏஎம்மிலிருந்து 1024-க்யூஏஎம்முக்கு மாறியதால், அதாவது ஒவ்வொரு துணை அலையிலும் 8 பிட்டுக்குப் பதில் 10 பிட் ஏறுவதால் வருவது. அந்த உச்ச நிலை ரௌட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோதான் நிற்கும். சிக்னல் கொஞ்சம் தளர்ந்ததும் கார்டு கீழ்ப்படிக்கு இறங்கிவிடும். மீதி லாபம் நீண்ட சிம்பலால், அதாவது ஒரு தொகுதி பிட்டுகளைச் சுமக்கும் அலைத்துண்டு நீண்டதால் வருகிறது. 3.2 மைக்ரோவினாடியாக இருந்தது 12.8 ஆனதால், சிம்பல்களுக்கு இடையே வீணாகும் நேரத்தின் பங்கு குறைந்தது. இந்தப் பங்கு தூரத்திலும் நிலைக்கும்.

ஸ்லாட்: வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம்

இன்டெல் கார்டுகளில் பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு வகை உண்டு. ஏஎக்ஸ்210 முழுமையான கார்டு. வைஃபை பகுதி பிசிஐஇ (கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் வேகமான பாதை) வழியாகவும் புளூடூத் பகுதி யூஎஸ்பி வழியாகவும் கணினியோடு பேசும். ஏஎக்ஸ்211 அப்படியல்ல. அதில் ரேடியோ மட்டுமே இருக்கும். மூளைப் பகுதி இன்டெல் பிராசசரிலோ சிப்செட்டிலோ இருக்கும், சிஎன்விஐ என்று சொல்லப்படும் ஏற்பாடு. அளவு ஒன்று, திருகு துளை ஒன்று, ஸ்லாட்டில் உட்காருவதும் ஒன்றாகத்தான் உட்காரும். ஆனால் ஏஎக்ஸ்211ஐ ஏஎம்டி லேப்டாப்பில் மாட்டினால் டிவைஸ் மேனேஜரில் எதுவுமே வராது. பழைய தலைமுறை இன்டெல்லிலும் அதே கதைதான்.

நினைவில் வைக்க எளிய வழி: ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210, பிஇ200 எனப் பூஜ்யத்தில் முடிபவை பிசிஐஇ. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211, பிஇ201 என ஒன்றில் முடிபவை சிஎன்விஐ. முந்தைய தலைமுறைக்கு இந்த விதி உதவாது. அங்கே 9260 பிசிஐஇ, 9560 சிஎன்விஐ.

தலைகீழ்ச் சிக்கலும் உண்டு. லேப்டாப்பில் ஏற்கெனவே ஏஎக்ஸ்201 போன்ற சிஎன்விஐ கார்டு இருக்கிறது, அதை எடுத்துவிட்டு ஏஎக்ஸ்210 போடலாமா? ஸ்லாட்டுக்குப் பிசிஐஇ இணைப்பும் கொடுத்திருந்தால் போடலாம். பல போர்டுகளில் இரண்டும் இருக்கும். சிலவற்றில் சிஎன்விஐ மட்டுமே வந்திருக்கும், அங்கே ஏஎக்ஸ்210 உயிர்பெறாது. உங்கள் லேப்டாப் மாடலின் சர்வீஸ் மேனுவலில் வைஃபை கார்டுக்கான உதிரிப்பாகப் பட்டியலைப் பாருங்கள். அதில் பிசிஐஇ வகைக் கார்டு ஒன்றாவது இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

ஸ்லாட்டே இல்லாத லேப்டாப்புகள் தனி. மெல்லிய மாடல்களில் ரேடியோவை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். அவற்றுக்கு யூஎஸ்பி அடாப்டர்தான் கதி. இன்னும் பழைய லேப்டாப்புகளில், இந்தக் கார்டு உட்காரும் எம்.2 வகை ஸ்லாட்டுக்குப் பதில் மினி பிசிஐஇ ஸ்லாட் இருக்கும். கார்டு அதில் நேரடியாக உட்காராது. இடையில் மாற்றுப் பலகை வேண்டும். ஆன்டெனா முனையின் அளவும் வேறு.

இன்னொரு தடை பயாஸ், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள். சில நிறுவனங்களின் பழைய மாடல்களில், பட்டியலில் இல்லாத கார்டை மாட்டினால் கணினி தொடங்காமல் "அங்கீகரிக்கப்படாத வயர்லெஸ் கார்டு" என்ற எச்சரிக்கையோடு நின்றுவிடும். கார்டைக் கழற்றினால் பழையபடி ஓடும், எதுவும் கெட்டுப்போகாது. ஆனால் அந்த லேப்டாப்புக்கு ஏஎக்ஸ்210 ஆகாது. மாடல் பெயரையும் கார்டின் பெயரையும் சேர்த்துத் தேடிப் பார்த்துவிட்டே ஆர்டர் செய்யுங்கள்.

மாட்டுவது

கழற்றத் தொடங்கும் முன் புதுக் கார்டின் வைஃபை டிரைவரையும் புளூடூத் டிரைவரையும் பென் டிரைவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கார்டு மாறியதும் இணையம் இருக்காது. விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்தால்தான் முழுமையாக அணையும். சாதாரண ஷட்டவுனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பழைய நிலையைச் சேமித்து வைத்துவிடும். மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது.

பழைய கார்டின் மேல் இரண்டு மெல்லிய வயர்கள் இருக்கும், வழக்கமாக ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. எது எந்த முனையில் இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிளாஸ்டிக் நெம்பியை முனையின் உலோக வளையத்துக்கு அடியில் நுழைத்து, நேர்மேலாகத் தூக்க வேண்டும். திருகைக் கழற்றியதும் கார்டு சாய்வாக எழும்பும். புதுக் கார்டை அதே சாய்வில் செருகி, அழுத்தி, திருகை முடுக்குங்கள்.

பொறுமை தேவைப்படுவது இனிதான். ஏஎக்ஸ்210இல் உள்ளவை எம்ஹெச்எஃப்4 முனைகள். எம்.2 கார்டுகளில் இதுதான் வழக்கம். மினி பிசிஐஇ காலத்து யூ.எஃப்எல் முனை இதைவிடப் பெரிது, இதில் மாட்டாது. வயரின் முனையைக் கார்டின் முனைக்கு நேர்மேலே கொண்டுவந்து, அது தானாக மையத்தில் அமரும்வரை லேசாக அசைத்துப் பார்த்து, பிறகு விரல் நுனியால் நேராக அழுத்த வேண்டும். பிரஸ் பட்டன் போல "டிக்" என்று உட்காருவது விரலுக்கே தெரியும். அந்த உணர்வு வராமல் பலம் கொடுத்தால் நடுவில் இருக்கும் ஊசி வளைந்துவிடும். அடிக்கடி கழற்றி மாட்டுவதற்காகச் செய்த முனைகள் அல்ல இவை. ஒரு வயர் சரியாக அமராமல் போனாலும் வைஃபை வேலை செய்யும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. ரௌட்டர் பக்கத்திலேயே இருந்தும் இணைப்பு வேகம் எதிர்பார்த்ததில் பாதியில் நின்றாலோ, புளூடூத் ஹெட்செட் ஒரு மீட்டர் தள்ளிப் போனதும் அறுந்தாலோ, டிரைவரைத் திட்டுவதற்கு முன் மூடியைத் திறந்து வயரைப் பாருங்கள்.

மாட்டி முடித்தபின் புளூடூத் வராமலோ, "குறியீடு 10" பிழையோடோ நின்றால், முழு ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, முடிந்தால் பேட்டரியையும் பிரித்துச் சில நிமிடம் விட்டுத் திரும்பத் தொடங்குங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

டெஸ்க்டாப்புக்கு இதே கார்டைப் பிசிஐஇ பலகையில் பொருத்தி விற்கிறார்கள். அதில் பலர் மறப்பது, பலகையிலிருந்து மதர்போர்டின் 9 ஊசி யூஎஸ்பி ஹெடருக்குப் போகவேண்டிய வயர். அதை மாட்டாவிட்டால் வைஃபை வரும், புளூடூத் வராது. ஆன்டெனாக்களைக் கேபினெட்டின் பின்புறமே திருகினால் முன்பக்கம் முழுக்க இரும்பு மறைக்கும். வயரோடு வரும், மேசைமேல் வைக்கக்கூடிய ஆன்டெனா இருக்கும் பலகையாகப் பார்த்து வாங்குங்கள். இந்தச் சின்ன வித்தியாசம் கார்டின் தலைமுறையை மாற்றுவதைவிடப் பலன் தரும் வீடுகள் நிறைய.

உண்மையில் என்ன வேகம் வரும்

இணைப்பு வேகம் என்பது காற்றில் பறக்கும் பிட்டுகளின் கணக்கு. கையில் வருவது அதில் 60 முதல் 70 சதவீதம். 1201 என்று காட்டும்போது ஒரே அறையில் 700 முதல் 850 எம்பிபிஎஸ் வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. 2402 காட்டும்போது 1500க்கு மேல் போகும். ஆனால் ரௌட்டரின் வயர் போர்ட் 1 ஜிகாபிட் என்றால் அங்கேயே சுமார் 940இல் முட்டி நின்றுவிடும். 160 மெகாஹெர்ட்ஸின் பலனைப் பார்க்க ரௌட்டரில் 2.5 ஜிகாபிட் போர்ட் வேண்டும், மறுமுனையில் இருக்கும் கணினியோ இணைய இணைப்போ அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். சோதிக்க ஸ்பீட் டெஸ்ட் தளங்களை நம்பாமல், ரௌட்டரோடு வயரில் இணைந்த கணினி ஒன்றில் ஐபெர்ஃப்3 (இரண்டு கணினிகளுக்கு இடையே வேகத்தை அளக்கும் நிரல்) ஓடவிட்டு, நான்கு இணை ஓட்டங்களோடு இரு திசையிலும் அளந்து பாருங்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் 160 அகலம் வேண்டுமென்றால் பெரும்பாலான ரௌட்டர்களில் இரண்டே இடம்தான்: 36 முதல் 64 வரை, அல்லது 100 முதல் 128 வரை. இரண்டிலும் ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள் இருக்கின்றன. அதனால் ரௌட்டரைத் தொடங்கியதும் குறைந்தது 60 வினாடி கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அது ஒலிபரப்பைத் தொடங்கும். விமான நிலையம், துறைமுகம், வானிலை ரேடார் அருகில் இருந்தால் நடுவிலேயே சேனலைக் காலிசெய்து 80க்கு இறங்கிவிடும். "வைஃபை திடீரென்று அரை நிமிடம் போய்விட்டு வருகிறது" என்ற புகாருக்குக் கார்டைக் குறை சொல்வதற்கு முன் ரௌட்டரின் பதிவேட்டில் ரேடார் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அகலம் இரட்டிப்பானால் கார்டு வாங்கிக்கொள்ளும் இரைச்சலும் இரட்டிப்பாகும், அதாவது 3 டெசிபெல் கூடும். இரண்டு சுவர் தாண்டிய அறையில் 160ஐவிட 80 நிதானமாக ஓடுவது இதனால்தான். அந்த அறையில்தான் பெரும்பாலும் உட்காருவீர்கள் என்றால் ரௌட்டரில் 80ஆகவே வைத்துவிடலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் அகலம் 20தான், அதற்குமேல் ஏற்றுவது அக்கம்பக்கத்து வீடுகளோடு மோதிக்கொள்ளவே உதவும்.

விண்டோஸில் கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் தொடவேண்டியவை மிகக் குறைவு. விருப்ப பேண்டை (அலைவரிசையை) 5 அல்லது 6 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ஒரே ரௌட்டர் இருக்கும் வீட்டில் ரோமிங் அக்ரெசிவ்னெஸ்ஸை 1க்கு இறக்கினால், தேவையில்லாமல் வேறு சேனல்களைத் தேடி அலைவது குறையும். பல மெஷ் முனைகள் இருந்தால் 4 சரி. த்ரூபுட் பூஸ்டரை அணைத்தபடியே விட்டுவிடுங்கள்.

6 கிகாஹெர்ட்ஸ் ஏன் தெரியவில்லை

ஏஎக்ஸ்210ஐப் பற்றி வரும் கேள்விகளில் பாதி இதுதான். கார்டு 6 கிகாஹெர்ட்ஸை ஆதரிக்கிறது, ஆனால் விண்டோஸ் 10இல் அது கிடைக்காது. விண்டோஸ் 11 வேண்டும். லினக்ஸ் என்றால் கார்டுக்கே 5.10 கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தொடக்கம், 6 கிகாஹெர்ட்ஸுக்கு அதைவிடப் புதியதாக இருப்பது நல்லது. கூடவே கார்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் கோப்போடு, அதற்குத் துணையான பிஎன்விஎம் தரவுக் கோப்பும் இருக்க வேண்டும். பழைய லினக்ஸ் விநியோகங்களில் இரண்டாவது கோப்பு விடுபட்டு, கர்னல் பதிவேட்டில் அந்தப் பெயரோடு பிழை வந்து கார்டு எழாமல் நின்றிருக்கிறது.

அடுத்து பாதுகாப்பு. 6 கிகாஹெர்ட்ஸில் டபிள்யூபிஏ2 என்ற பழைய வைஃபை பாதுகாப்பு முறைக்கு இடமே இல்லை. டபிள்யூபிஏ3 கட்டாயம், இணைப்பை நிர்வகிக்கக் கார்டும் ரௌட்டரும் பரிமாறும் செய்திகளின் (மேலாண்மைச் சட்டகங்களின்) பாதுகாப்பும் கட்டாயம். அதற்கும் மேல் கார்டு இருக்கும் நாட்டின் விதி. இந்தக் கார்டு எந்த நாட்டில் இருக்கிறது என்பதைச் சுற்றியுள்ள ரௌட்டர்களின் அறிவிப்பிலிருந்து தானே ஊகித்துக்கொள்கிறது. ரௌட்டரில் நாட்டுக் குறியீடு தவறாக இருந்தால், அல்லது அந்த நாட்டில் 6 கிகாஹெர்ட்ஸ் திறக்கப்படவில்லை என்றால், அந்த பேண்ட் கார்டுக்கு மறைந்தே இருக்கும். கடைசியாக, 6 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்கை கார்டுகள் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அறிவிப்புகளில் வரும் குறிப்பைப் பார்த்தே கண்டுபிடிக்கின்றன. ஆகவே ரௌட்டரில் மற்ற பேண்டுகளை அணைத்துவிட்டு 6ஐ மட்டும் ஓடவிடாதீர்கள். சேனலையும் 5, 21, 37, 53 போன்ற, கார்டுகள் முதலில் தேடும் விருப்பத் தேடல் சேனல்களில் வையுங்கள்.

லேப்டாப்பின் ஆன்டெனா 2.4க்கும் 5க்கும் வடிவமைத்தது என்பதையும் மறக்க வேண்டாம். 6இல் இணைப்பு கிடைக்கும், ஆனால் 6 கிகாஹெர்ட்ஸுக்கென்றே ஆன்டெனா வைத்த புது லேப்டாப்பின் தூரம் கிடைக்காது.

குறைகள், மாற்றுகள்

ஏஎக்ஸ்210இன் பெரிய குறை, அதை ரௌட்டராக மாற்ற முடியாதது. நாட்டு விதியைத் தானே ஊகிக்கும் அதே ஏற்பாடு, லினக்ஸில் 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் தொடங்க விடுவதில்லை. 2.4இல் மட்டும் விடும். பழைய கணினியை வீட்டு ரௌட்டராக்க நினைப்பவர்கள் இதை வாங்கவே கூடாது. மீடியாடெக் எம்டி7915 வகைக் கார்டு அந்த வேலைக்கு ஏற்றது.

சாதாரணப் பயன்பாட்டுக்கு மீடியாடெக் எம்டி7922 நல்ல மாற்று. ஏஎம்டி லேப்டாப்புகளில் ஆர்இசட்616 என்ற பெயரில் வருவதும் அதுதான், 160 மெகாஹெர்ட்ஸ் உண்டு. உங்களிடம் ஏற்கெனவே அது இருந்தால் ஏஎக்ஸ்210க்கு மாறுவதில் வேகம் கூடாது. அதன் தம்பி ஆர்இசட்608 80 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். வைஃபை 7க்கான பிஇ200, 320 மெகாஹெர்ட்ஸில் 5.8 ஜிகாபிட் வரை போகும். ஆனால் ஏஎம்டி கணினிகள் பலவற்றில் அது வேலை செய்வதில்லை, பல இணைப்புகளை ஒன்றாகப் பயன்படுத்தும் வசதிக்கு விண்டோஸ் 11 24ஹெச்2 பதிப்பு வேண்டும். இன்டெல் கணினியும் 6 கிகாஹெர்ட்ஸ் உள்ள வைஃபை 7 ரௌட்டரும் இருந்தால் அதை எடுங்கள்.

யூஎஸ்பி அடாப்டர் தவிர வழியில்லை என்றால் யூஎஸ்பி 3 உள்ளதாக வாங்குங்கள். யூஎஸ்பி 2 போர்ட்டில் 480 மெகாபிட்டுக்குமேல் எதுவும் போகாது, நடைமுறையில் 300ஐ ஒட்டித்தான் வரும். யூஎஸ்பி 3 போர்ட்டோ 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். ஒரு மீட்டர் நீட்டிப்பு வயர் போட்டு அடாப்டரைப் போர்ட்டிலிருந்து விலக்கி வைத்தால் அந்தத் தொல்லை அடங்கும். லினக்ஸுக்கு மீடியாடெக் எம்டி7921ஏயூ சிப் உள்ளதைத் தேடுங்கள், 5.18க்குப் பிறகான கர்னலில் டிரைவர் உள்ளேயே இருக்கிறது. செருகியதும் வைஃபைக்குப் பதில் சிடி டிரைவ் ஒன்று தோன்றினால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் டிரைவரை உள்ளேயே வைத்திருக்கும் அடாப்டர்கள் முதலில் அப்படித்தான் முகம் காட்டும். அந்தச் சிடியை இஜெக்ட் செய்தால் வைஃபையாக மாறும். மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்கவும் கூடாது. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது. இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் ஆர்டிஎல்8188இயூஎஸ் வந்துவிட்டது. பெயர் ஒன்று, சிப் வேறு, டிரைவர் வேறு. பெட்டியில் இருக்கும் பதிப்பு எண்ணைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

எம்.2 கார்டிலும் மேல் லேபிளை மட்டும் நம்ப வேண்டாம். மாட்டியதும் டிவைஸ் மேனேஜரில் கார்டின் ஹார்டுவேர் ஐடியைத் திறந்து பாருங்கள். ஏஎக்ஸ்210 என்றால் நிறுவன எண் 8086, சாதன எண் 2725. 2723 என்று வந்தால் அது ஏஎக்ஸ்200, 6 கிகாஹெர்ட்ஸ் அதில் கிடையாது. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.